வித்துவான் சோலைமலையும் நானும்

எனக்கு நாதஸ்வரம் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால், பின்னால் வருவதை நீங்கள் பொறாமை என்று எடுத்துக்கொள்வீர்கள்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு மதிலுக்கு அடுத்த பக்கம் பிள்ளையார் கோயில். மேளச்சத்தம் கேட்டுக் கண்விழித்து, மேளச்சத்தம் கேட்டுப் பள்ளிக்கூடம் போனவன் நான். சின்ன வயதில் ஒருநாள், எனக்கும் ஒரு நாதஸ்வரம் வாங்கித் தாருங்கோ என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா கோபிக்கவில்லை, சிரித்தார். "உதை ஊதுறதுக்கு வேற ஆக்கள் இருக்கினம். நாங்கள் கேக்கிற ஆக்கள்" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. ஊதுகிறவர்கள் ஊதட்டும், கேட்கிறவனுக்கு நல்ல காது வேண்டும். அந்தக் காதை நான் வளர்த்துக்கொண்டேன்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மறுபடி தொடங்கியபோது மனைவி சரோஜாதேவியையும் மகள் சிவதர்சினியையும் கூட்டிக்கொண்டு மலைநாட்டுக்கு வந்தேன். இறம்பொடைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டிஸ்பென்சர் வேலை கிடைத்தது. தோட்டத்தின் பெயர் இப்போது வேண்டாம். பெரிய டொக்டர் எப்போதாவது வந்து போவார். மற்றபடி காய்ச்சல், கத்திவெட்டு, அட்டை கடித்த புண், பல்வலி, பிள்ளைப்பேறு எல்லாம் என் கையில்தான். என் கைராசியைப் பற்றி அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சோலைமலை கவ்வாத்துக்காரர். முற்றிய தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் குறைக்கிற கூட்டத்தில் ஒருவர். வாலிபத்தில் மாத்தளையில் ஒரு வித்துவானிடம் சில வருடம் இருந்து நாதஸ்வரம் கற்றிருந்தார். அப்பா செத்ததும் தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வரிசையில் இருந்த அறை கைவிட்டுப் போகாமல் இருக்கத் தோட்டத்துக்குத் திரும்பிப் பேர் பதிந்தார். நான் அவரை முதலில் கேட்டது மாரியம்மன் திருவிழாவில். வளைவில் தேர்ச் சக்கரம் சேற்றில் புதைந்து நின்றுவிட்டது. மழையோ கொட்டுகிறது. ஆண்கள் பலகை வைத்துத் தூக்கிப் பார்க்கிறார்கள், தேர் அசையவில்லை. சோலைமலை தோடியை எடுத்தார். சக்கரம் ஏறும்வரை நிறுத்தவில்லை. பிள்ளைக்காரிகள்கூட மழையை விட்டு நகரவில்லை. நானும் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றேன். அங்கே இருந்த அத்தனை பேரிலும், கேட்டது இன்னதென்று விளங்கியவன் நான் ஒருவன்தான்.

அன்றிலிருந்து அவரை நான் பார்த்துக்கொண்டேன். கத்தி பிடித்துக் கை காய்த்துப் போனால் விரல் துளையில் ஒழுங்காகப் படியாது. அதனால் அவருக்கு இலகு வேலை கொடுக்கும்படி துண்டு எழுதிக் கொடுத்தேன். நெஞ்சுக்குச் சத்து மருந்து கொடுத்தேன். மற்ற ஐயாமார் அவரை நீ என்றார்கள். நான் நீர் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் குவார்ட்டஸுக்கு வரச் சொல்வேன். நான் கதிரையில் இருப்பேன், அவர் வாசற்படியில் உட்கார்ந்து வாசிப்பார். பிழை பட்டால் கை காட்டுவேன். நிறுத்தி, திரும்ப வாசிப்பார். சரோஜாதேவி தேத்தண்ணி கொடுப்பாள். அதற்கென்று ஒரு வெள்ளிரும்பு டம்ளர் ஜன்னல் விளிம்பில் இருந்தது. வேறு யாரும் அதில் குடிப்பதில்லை, அவருக்கு மட்டும்தான். அதை நான் ஒரு மரியாதை என்றே எண்ணியிருந்தேன்.

கொழும்பில் எனக்குத் தெரிந்த ஒருவரைப் பிடித்து வானொலித் தேர்வுக்கு அனுப்பினேன். தேறினார். பிறகு கண்டி, அட்டன், நுவரெலியா என்று கோயில்கள் கூப்பிட ஆரம்பித்தன. தவிலுக்கு அவருடைய மைத்துனன் மூக்கன். நோட்டீசில் 'மலையக நாதஸ்வர வித்துவான்' என்று போட்டார்கள். அந்தப் பட்டத்தை முதலில் சொன்னவன் நான்.

கண்டியில் ஒரு கோயிலில் பொன்னாடை போர்த்தினார்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். பேசத் தெரியாதவர் என்று நினைத்திருந்தேன், மனிதர் நன்றாகவே பேசினார். மாத்தளைக் குருவுக்கு நன்றி சொன்னார். தாய் காளியாயிக்குச் சொன்னார். மனைவி பூரணிக்குச் சொன்னார். "நான் கச்சேரிக்குப் போற நாள்ல என் பங்கு நெரையையும் சேத்து வெட்டுன கவ்வாத்துக்காரங்க இல்லேன்னா இந்தத் துண்டு இல்லைங்க" என்றார். இறங்கிவிட்டார். துண்டு ஊதா நிறம், மஞ்சள் கரை. திரும்பி வரும்போது வான் வண்டியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பசிக்கிறதா ஐயா என்று கேட்டார். இல்லை என்றேன். நான் அதையெல்லாம் மனதில் வைத்திருக்கிறவன் அல்ல.

தொண்ணூற்றெட்டில் சிவதர்சினிக்குக் கல்யாணம் பேசி முடித்தோம். மாப்பிள்ளை பகுதி பெரிய இடம், அட்டனில் மண்டபம். அந்த ஞாயிற்றுக்கிழமை சோலைமலையிடம் நாளைச் சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன். வீட்டு ஆளிடம் யாரும் கேட்பார்களா.

"சந்தோசங்க ஐயா. தங்கச்சி கல்யாணத்துக்கு நான் வாசிக்காம யாரு வாசிப்பா" என்றார். பிறகு, "ஒரு விசயம் கேக்கணும்ங்க. எங்களுக்குச் சாப்பாடு எங்க வைப்பீங்க?" என்றார்.

"பின்னுக்கு ஒரு அறை இருக்கு. சூடாய் அனுப்புவன்."

"பந்தியிலயே உக்காந்துக்கிறோமே ஐயா. கண்டியில, கொழும்புல எல்லாம் அப்பிடித்தாங்க."

"அது கோயில், சோலைமலை. இது என்ரை சம்பந்தி வீட்டு ஆக்கள் வாற இடம். நீர் என்னை யோசிக்க வேணும்."

அவர் யோசித்தார். அதை நான் மறுக்கவில்லை. சீவாளியை, அதுதான் வாயில் வைத்து ஊதுகிற அந்த நாணல் துண்டை, துடைத்துப் பெட்டியில் வைத்தார். நாதஸ்வரத்தை உறையில் போட்டார். எழுந்தார்.

"அப்ப நான் வரலைங்க ஐயா. மூக்கனும் வர மாட்டான்" என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். "இந்த டம்ளர எடுத்துட்டுப் போயிரவா? இங்க வேற யாரும் இதுல குடிக்க மாட்டாங்க."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நானும் உயர்த்தவில்லை. கொண்டு போம் என்றேன். கொண்டு போனார்.

கல்யாணத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு மேளச் செற் பிடித்தேன். தாலி கட்டுகிற நேரத்தில் அந்த நாதஸ்வரக்காரனுக்குச் சுருதி விலகியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சம்பந்தி என் காதருகில் குனிந்து, "உங்கட தோட்டத்து வித்துவான் எங்கை, வரேல்லையோ?" என்று கேட்டார். காய்ச்சல் என்றேன். அடுத்த நாள் தோட்டத்துக்குத் திரும்பியபோதுதான் தெரிந்தது, அதே முகூர்த்தத்தில் சோலைமலை பத்தாம் நம்பர் லயத்தில் கவ்வாத்துக்காரர் ஒருவருடைய மகளின் கல்யாணத்துக்கு வாசித்திருக்கிறார். கறுப்புத் தேத்தண்ணியும் லட்டும்தான் விருந்து. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். மத்தியானம்வரை வாசித்தாராம். அதுபோல அவர் வாசித்து யாரும் கேட்டதில்லையாம். டிஸ்பென்சரி வாசலில் வாங்குப் பலகையில் இருந்த பெண்கள் இதை ஆளுக்கு ஆள் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள். நான் அவர்களுக்கு மருந்து கலந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயில் ஒன்றின் கும்பாபிஷேகத்துக்கு அவருக்கு அழைப்பு வந்தது. அவருடைய பாட்டன் கப்பலேறிய ஊருக்குப் பக்கமாம். பாஸ்போர்ட் எடுத்தாகிவிட்டது. தோட்டமே பெட்டி கட்டியது என்று சொல்ல வேண்டும். அந்தச் சமயத்தில்தான் அவருக்குப் பல்வலி வந்தது.

கன்னம் வீங்கி, துண்டால் தாடையைக் கட்டிக்கொண்டு வந்தார். கல்யாணப் பேச்சுக்குப் பிறகு அவர் டிஸ்பென்சரிப் படி ஏறியது அன்றுதான். பூரணி கூட வந்திருந்தாள். இறம்பொடைப் பாதையில் மண் சரிந்து பஸ் இல்லை. இருந்திருந்தாலும் என்னிடம்தான் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். ஏனென்றால், படியேறியதும் சிரித்தார். கட்டிய வாயோடு சிரித்து, "ஐயாவ விட்டா யாருகிட்ட வாயத் தொறப்பேன்" என்றார்.

எல்லாம் முடிந்துபோனது என்கிற மாதிரி அவர் சிரித்தார். என்னிடம் ஒன்றுமே பறிக்காதவர் போல. என் வீட்டு வாசற்படியில் வளர்ந்த மனிதன், என் மகளின் தாலிமுடிச்சை அபசுரத்தில் விழப்பண்ணிய மனிதன், மனதில் ஒரு துளிகூட வைத்திருக்கவில்லை. எனக்கு மட்டும் அது உள்ளே கிடந்தது. அது நியாயமில்லை என்று பட்டது. இப்போதும் படுகிறது.

பூரணியை வெளி வாங்கில் இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். கதிரையில் சாய்த்து வாயைத் திறக்கப் பண்ணினேன். வலது பக்கம், கீழே, கடைசிக் கடைவாய்ப்பல். கறுத்து, நடுவே குழி விழுந்திருந்தது. மற்றப் பற்கள் எல்லாம் ஆரோக்கியமானவை. முன்பற்கள் அகலமாய், வெள்ளையாய், ஒழுங்காய் இருந்தன. சீவாளியைக் கவ்வி நிற்கிற உதட்டுக்குப் பின்னால் அந்தப் பற்கள்தான் சுவர். சுவர் இல்லாவிட்டால் உதடு உள்ளே போகும், காற்று நிற்காது. எனக்கு இது தெரியும். சொன்னேனே, நான் கேட்கிற ஆள்.

விறைக்கும் ஊசி போட்டேன். தாராளமாகவே போட்டேன். நான் யாரையும் நோகப் பண்ணுகிறவன் அல்ல.

"சீழ் முன்னுக்குப் பரவியிட்டுது" என்றேன். "இப்ப எடுக்காட்டி மூளைக்கு ஏறும்."

அவர் ஏதோ சொல்ல முயன்றார். நாக்கு விறைத்திருந்தது. மேல்வரிசையில் முன்னால் இருந்து தொடங்கினேன். நல்ல பல்லைப் பிடுங்குவது கெட்ட பல்லைப் பிடுங்குவதைவிடக் கடினம். அது வர விரும்பாது. முதலாவது தட்டில் விழுந்தபோது அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. நல்ல பலமான கை. நான் கோபிக்கவில்லை. "உயிர் முக்கியம், சோலைமலை. அசையாதேயும்" என்றேன். உயிர் என்றதும் பிடி தளர்ந்தது. அந்தக் கையை எடுத்துக் கதிரைப்பிடியில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். மேலே முடித்து, கீழே முடித்தேன். பஞ்சு வைத்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வலியாக இருக்க முடியாது, நான் ஊசியைத் தாராளமாகப் போட்டிருந்தேன்.

பூரணி உள்ளே வந்து தட்டைப் பார்த்தாள். கொழுந்து எடுக்கிற பெண். தட்டையும் அவர் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வலிச்சது பின்னாலங்க. புடுங்குனது முன்னாலயா?"

"உனக்கு விளங்காது, பிள்ளை. சீழ்."

"சீழு இருந்தா பல்லு இப்பிடி வெள்ளையாவா ஐயா இருக்கும்?"

நான் மருந்துக் குளிசையை எண்ணிப் பொட்டலம் கட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. புருஷனை எழுப்பித் தோளில் சாய்த்துக்கொண்டு போனாள். போகும்போது வாசலில் நின்று, "நீங்க நல்லா இருக்க மாட்டீங்க" என்றாள். சத்தம் போடவில்லை. வாங்கில் இருந்தவர்கள், அதிர்ச்சியில் பேசுகிறாள் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். சீழ் மூளைக்கு ஏறாமல் டாக்டரையா (அங்கே என்னை அப்படித்தான் சொல்வார்கள்) காப்பாற்றினார் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. தோட்டத்தை நடத்துகிற துரை கூப்பிட்டுப் பாராட்டினார்.

சில நாட்களுக்குப் பிறகு சோலைமலை தனியாக வந்தார். வாய் குழிந்து, வயது ஏறியிருந்தது. கன்னம் இன்னும் வீங்கியே இருந்தது. தானாகக் கதிரையில் ஏறி உட்கார்ந்தார். வலது பக்கம், கீழே, விரலை வைத்துக் காட்டினார்.

"இதையும் எடுத்துருங்க ஐயா" என்றார். முன்பல் இல்லாத வாயில் சொற்கள் காற்றாகத்தான் வந்தன. ஆனால் ஒவ்வொன்றும் விளங்கியது. "இது ஒண்ணுதான் வலிச்சுது."

அவர் கண்ணை மூடவே இல்லை. நான் அதை எடுக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்தேன். கை பட்டதும் வந்துவிட்டது. அவர் எச்சிலோடு இரத்தத்தைத் தட்டில் துப்பவில்லை. என் காலடியில், தரையில் துப்பிவிட்டு இறங்கிப் போனார்.

தஞ்சாவூருக்குப் போகவில்லை. கட்டுப்பல் வைத்துப் பார்த்தார், ஊதும்போது அது நழுவியது. கவ்வாத்துக் கத்தியைத் திரும்பத் தூக்கினார். நான் அவருக்கு மறுபடியும் இலகு வேலைத் துண்டு எழுதி அனுப்பினேன். அதைக் கிழித்துப் போட்டாராம். மூக்கன் தவிலை விற்றுவிட்டுக் கினிகத்தேனையில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். யாரும் யாரிடமும் முறையிடவில்லை. முறையிட்டால் யார் கேட்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்; கதவைச் சாத்துமுன்பே தெரியும்.

இரண்டாயிரத்து ஆறில் அவர் நெஞ்சுவலியில் செத்தார். நான் ஓய்வுபெற்றுக் கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தேன். தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம் என்று அழைத்தார்கள், போனேன். பூரணி என்னைக் கண்டதும் எழுந்து வெளியே போய்விட்டாள். பேச வந்தவர்கள் எல்லாரும் மாத்தளைக் குருவைச் சொன்னார்கள், காளியாயியைச் சொன்னார்கள், மூக்கனின் தவிலைச் சொன்னார்கள். கடைசியாகப் பேசிய ஆசிரியர், "உலகம் கேட்க வேண்டிய ஒரு வித்துவானின் வாசிப்பை விதி பாதியில் நிறுத்திவிட்டது" என்றார். எல்லாரும் தலை குனிந்தார்கள்.

அன்றைக்குத்தான் இதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவருடைய கதையை யார் எழுதினாலும் சரியாக எழுத வேண்டும். அவரைக் கண்டெடுத்தவன் நான், மேடைக்கு ஏற்றியவன் நான். நல்ல பல் என்று தெரிந்தே ஒவ்வொன்றாகப் பிடுங்கியவனும் நான்தான். விதி அந்தத் தோட்டத்துப் பக்கம் வந்ததே இல்லை.