காட்டுக்குக் கொண்டுபோன தையல்

ஹலோ... ஹலோ... ஆமா, நான்தான். காட்டுக்குள்ள என் போனை வேற யாரு எடுப்பா, கரடியா... ம்... ம்... கேக்குது, கேக்குது. நீ கத்தாத. மெதுவாப் பேசுறது நான், நீ எதுக்குக் கத்துற...

இரு, அசையக் கூடாது... உன்னைச் சொல்லலடி, என்னைச் சொல்லிக்கிறேன். தலை டென்ட்டுக்கு வெளிய இருந்தாத்தான் சிக்னல் வருது. மத்ததெல்லாம் உள்ள. தூரத்துல இருந்து பாத்தா டென்ட்டுக்குத் தலை முளைச்ச மாதிரி இருக்கும்... சிரி, நல்லாச் சிரி. அக்கா ஆமையாயிட்டான்னு ஊரெல்லாம் சொல்லு...

ஏன் உள்ள இருக்கேன்னா, கை உள்ள வேலை செய்யுது. தைச்சதைப் பிரிச்சிட்டு இருக்கேன்... ம்... ஆமா, போர்வைதான்... இல்ல, கோணலா எல்லாம் தைக்கல. நேர்க்கோடு. அவ்வளவு அழகா என் ஜென்மத்துல தைச்சதில்ல. அதான் பிரச்சினை.

முதல்ல ஒண்ணு சொல்லு. மெழுகு தடவின நூலு, ரெட்டை முடிச்சு, இதெல்லாம் சனிக்கிழமை தையல் வகுப்புல எங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?... நீதான... 'அக்கா, இந்த முடிச்சு ஜென்மத்துக்கும் அவிழாது'ன்னு சொன்ன பாரு, உன் வாய் பலிச்சிருச்சு.

சொல்றேன், சொல்றேன். அவசரப்படாத. மருமக விடிஞ்சதும் மலையேறப் போயிட்டா... ஆமா, தனியாத்தான். இங்க வந்து சேர்ந்ததே பாதி தூரம் நடந்து. இதுல காலையில எழுந்து, நடந்த களைப்பு தீர நடக்கணுமாம்... ஆம்பளைங்க ரெண்டு பேரும் அந்த டென்ட்ல. உன் மாமா விடுற குறட்டையில டென்ட் உப்பி உப்பி அடங்குது. பிள்ளை அப்பாவுக்குச் சளைச்சவனா... ஆமா, அவன்தான் பிரிச்சுவிட்டான். 'நீயும் அவளும் ஒரே டென்ட்ல படுங்கம்மா, பழகிக்குவீங்க'ன்னு. ரெண்டு பூனையைக் கூடைக்குள்ள போட்டு மூடினா பழகிக்கும்னு யாரு சொன்னாங்களோ.

சரி, விஷயத்துக்கு வர்றேன். மேசை கிடையாது. தரையெல்லாம் கல்லு. போர்வையை எங்க விரிச்சுத் தைக்கிறது? பக்கத்துல அவளோட ஸ்லீப்பிங் பேக் கிடந்துச்சு... அதான், மனுஷங்களை உள்ள போட்டு ஜிப் இழுக்கிறது. மெத்துனு, சமமா, நம்ம வகுப்பு மேசையை விட நல்லா இருந்துச்சு. அதுமேல விரிச்சு உக்காந்தேன். மேல ஒட்டுத்துணி, நடுவுல பஞ்சு, கீழ அடித்துணி. மூணு அடுக்கையும் சேத்துக் குத்தணும்... தெரியும்டி உனக்குத் தெரியும்னு. நான் மூணோட நிறுத்தல. அதான் சொல்ல வர்றேன்.

ம்... ஆமா... ஆமாடி... அந்தப் பையோட சேத்துத்தான்.

சிரிச்சு முடிச்சியா?... இல்லையா? சரி, நான் காத்திருக்கேன்...

இந்த மூலையில இருந்து அந்த மூலை வரைக்கும். ஊசி கொஞ்சம் இறுக்கமாத்தான் போச்சு. வயசாச்சு, விரல்ல வலுவில்லன்னு எனக்கு நானே பரிதாபப்பட்டுக்கிட்டு இன்னும் அழுத்திக் குத்தினேன். முடிச்சுப் போட்டேன். மடிக்கலாம்னு தூக்கினேன், பையும் கூட வந்துச்சு. உதறினேன், அதுவும் உதறிச்சு. ஜிப்பையும் சேத்துத் தைச்சிருக்கேன். இனிமே அதுக்குள்ள யாரும் நுழையவும் முடியாது, உள்ள இருந்தா வெளிய வரவும் முடியாது...

இழுக்கச் சொல்றியா? இழுத்துப் பாத்தாச்சு. உள்ள இறகுடி. வாத்து இறகு. ஊசி குத்தின ஓட்டை வழியா ஒண்ணொண்ணா மூஞ்சியை நீட்டுது. டென்ட்டுக்குள்ள வாத்தை உரிச்ச மாதிரி இருக்கு... என் தலையிலயா? இருக்கும். யாரு பாத்தா.

அவ இந்தப் பையை எத்தனை மலைக்குத் தூக்கிட்டுப் போயிருக்கா தெரியுமா? பனியில படுத்தாக்கூட ஒரு பொட்டு ஈரம் உள்ள போகாதாம். நேத்து ராத்திரிதான் பெருமையா சொன்னா. இப்ப சல்லடை.

எல்லாம் உன் யோசனை. மறந்துட்டியா?... 'அக்கா, உன் வாய் சும்மா இருக்காது, கையில ஊசியைக் குடுத்துட்டா வாய் தன்னால மூடிக்கும், தையலை எடுத்துட்டுப் போ'... நீதான சொன்ன? நானும் கேட்டேனே, என்னைச் சொல்லணும். ஒட்டுப் போர்வை, தலகாணி உறை, உன் மாமா பேன்ட் கீழ் மடிக்கிறது, வீட்ல இருந்த பட்டன் போன சட்டை மொத்தமும். காருக்குள்ள டென்ட்டுக்கு இடமில்ல. உன் அருமைப் பிள்ளை இறக்கி வெக்கும்போது கேக்குறான், 'அம்மா, தங்க வந்தமா, கடை போட வந்தமா'ன்னு.

ம்... இல்ல, யோசனை பலிக்கலன்னு யாரு சொன்னா? நல்லாவே பலிச்சுது. வந்ததுல இருந்து நான் பேசினது மொத்தமே 'ம்', 'சரிம்மா', 'அந்தக் கத்திரியை எடு'. அவ்வளவுதான். பல் டாக்டர் மருமககிட்ட வாயைத் திறக்காம இருந்த ஒரே ஆள் உலகத்துல நான்தான்.

கஷ்டமா? கஷ்டம்னு சாதாரணமா கேக்குற. ஒரு பொட்டலத்தைக் கிழிச்சு, பொடியில வெந்நீரை ஊத்தி, 'அத்தை, சாப்பாடு ரெடி'ங்குறா. என் நாக்கு நுனியில என்னென்ன வந்துச்சு தெரியுமா? முழுங்கிட்டு ஒரு வரிசை தைச்சேன். கழுத்துல விசில் மாட்டிக்கிட்டு, தொலைஞ்சு போனா ஊதணும்னு எங்களுக்கு வகுப்பு எடுத்தா. அதுக்கு ரெண்டு வரிசை. தட்டை மண்ணு போட்டுத் தேய்ச்சா, அதுல தலகாணி உறையே முடிஞ்சுது. போர்வை இவ்வளவு சீக்கிரம் வளர்ந்ததே அவ புண்ணியத்துலதான். இன்னும் ஒரு வாரம் இங்க இருந்தா உனக்கும் ஒண்ணு தைச்சிடுவேன்...

விளையாடலடி. திங்கக்கிழமை அந்த வீட்டுக்காரர் பதில் கேட்டிருக்கார்ல?... ஆமா, எங்க தலைக்கு மேல காலியா இருக்கே, அந்த மாடி வீடுதான். பிள்ளை சொல்லிட்டான், 'அவ சரின்னா வர்றோம்மா'ன்னு. வந்தா படியேறினா பிள்ளை வீடு. இல்லன்னா அவ வேலை பாக்குற ஆஸ்பத்திரி பக்கம், ஊரோட அந்தக் கடைசி. ரெண்டு பஸ் மாறி, மூச்சு வாங்கி, விருந்தாளி மாதிரி கதவைத் தட்டணும்...

நான் எங்க ஆசைப்பட்டேன்? எனக்கென்ன. வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். தலைக்கு மேல யாராவது தங்கு தங்குன்னு நடந்தா எனக்குத்தான் தலைவலி...

கட்டிலை அளந்தேன்னு உன்கிட்ட யாரு சொன்னா?... உன் மாமாவா? அந்த மனுஷனுக்கு ஒரு வார்த்தை தங்காது... சரி, அளந்தேன். பூட்டிக் கிடக்கிற வீட்டைச் சாவி வாங்கித் திறந்து, அங்க கிடக்கிற கட்டிலை அளந்தேன். ஜன்னலையும் அளந்தேன். போதுமா?... ஆமா, அந்தக் கட்டிலுக்குத்தான் இந்தப் போர்வை. அவகிட்டச் சொல்லல. 'சும்மா, பொழுது போகல'ன்னு சொல்லி வெச்சிருக்கேன்...

ம்... ம்... அதுவும் சரிதான். ஆனா வெட்டினா நூல் துண்டு உள்ள மாட்டிக்கும். ஒவ்வொரு தையலா எடுக்கணும். இப்பத்தான் ஒரு சாண் வந்திருக்கு. அவ மட்டும் இன்னும் கொஞ்சம் மெதுவா இறங்கினா...

உஷ்.

விசில் சத்தம்.

அவதான். வந்துட்டாளே... வைக்காதடி, வைக்காத. கூடவே இரு. பேசு, எதையாவது பேசு...

வாம்மா... மேல போனியா... அப்படியா... ஏரி தெரிஞ்சுதா, நல்லது... நானா? சும்மா, காத்து வாங்கிட்டு இருக்கேன்... தலைக்கு மட்டும் போதும்மா. உடம்புக்கு ஒத்துக்காது... இதுவா? இறகா?... ஏதோ பறவை. இப்பத்தான் பறந்து போச்சு... உள்ள வேண்டாம்மா, நீ போய் அவங்களை எழுப்பு. சின்னத்தை லைன்ல இருக்கா, குடும்ப விஷயம், கொஞ்சம்...

போயிட்டா. அப்பாடா. எங்க விட்டேன்... ம்... இல்லடி, நம்பிட்டா. அவ வெகுளி...

இரு. பின்னாடி என்ன சத்தம்? ஜிப் சத்தம் மாதிரி...

இந்த டென்ட்டுக்குப் பின்பக்கமும் வாசல் இருக்குன்னு என்கிட்ட யாரும் சொல்லலையே...

பாத்துட்டா.

...தெரியல. கழுத்தைத் திருப்பித்தான் பாக்குறேன். குனிஞ்சு எக்ஸ்ரே பாக்கிற மாதிரி பாக்குறா... ஜிப்பைத் தொட்டுப் பாக்குறா... நான் என்ன சொல்றது? 'வளைவு நெளிவு இல்லாம வந்திருக்கு பாரும்மா'ன்னு சொல்லவா... முதுகு குலுங்குது. அழறாளோ... ஐயோ, அழறாடி. வாய் மூடி இருந்தும் அழ வெச்சுட்டேன். அம்மா, இந்தா பாரு, நான் புதுசா ஒண்ணு வாங்கி...

சிரிக்கிறா.

...சிரிக்கிறாடி. கீழ விழுந்து சிரிக்கிறா. டென்ட் கம்பியே ஆடுது... ம்... ஆமா, நல்ல சிரிப்புதான். ஏதோ பெட்டியை எடுக்குறா. மருந்துப் பெட்டி. சின்னக் கத்திரி, இடுக்கி... ஈறுல தையல் போட்டுப் பிரிக்கிறதுக்கு உள்ளதாம். நகரச் சொல்றா. நகர்ந்தா சிக்னல் போயிடும்மா... இப்ப அவளும் படுத்து, தலையை வெளிய நீட்டிட்டா. கை உள்ள. ரெட்டைத் தலை ஆமை...

என்ன லாகவம் தெரியுமா, பாக்காமலே எடுக்குறா. டக்கு டக்குன்னு வருது. உன் முடிச்சு அவகிட்ட பலிக்கல...

என்னம்மா?... இல்ல, அவ கேக்க மாட்டா, சொல்லு...

...

...நான் இருக்கேன்டி. கொஞ்சம் இரு.

...இல்ல, சிக்னல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு.

என்ன கேட்டா தெரியுமா? 'அத்தை, உங்களுக்கு என்னைப் பிடிக்கலையா'ன்னு கேக்குறா. வந்ததுல இருந்து அவ என்ன சொன்னாலும் நான் குனிஞ்சு தைச்சுக்கிட்டே இருந்தேனாம். உங்க பிள்ளை உங்களைப் பத்தி 'எங்கம்மா வாயைத் திறந்தா வீடே சிரிக்கும்'னு சொல்லுவான், எனக்குன்னா மட்டும் 'ம்'மா அப்படிங்குறா. மாடி வீட்டுக்கு வந்தா தினம் படி இறங்கும்போது இந்தக் குனிஞ்ச தலையைத்தான பாக்கணும்னு நெனச்சாளாம். நேத்து ராத்திரி அவன்கிட்ட வேண்டாம்னே சொல்லிட்டாளாம்...

கேட்டுதாடி? உன் யோசனை. ஊசியும் நூலும். வாயை மூடிக்கிட்டு நானே வீட்டைக் கைநழுவ விட்டிருக்கேன்... நீ நல்லதுக்குத்தான் சொன்ன, தெரியும். கெடுதலுக்குச் சொல்லியிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன்...

இல்லம்மா, அழல. இறகு, கண்ணுல.

பிடிக்காம இல்லம்மா. பயம். என் வாய் அப்படி. நீ அந்தப் பொடிச் சாப்பாட்டை நீட்டினப்ப, 'இதைச் சாப்பிடணுமா, சுவத்துல பூசணுமா'ன்னு கேக்கலாம்னு வந்துச்சு... ஆமா, அப்பவே. முழுங்கிட்டேன்... விசிலா? ஏன் கேக்குற. அதைப் போட்டுக்கிட்டு நீ நிக்கும்போது ஓட்டப்பந்தயம் நடத்த வந்த வாத்தியார் மாதிரி இருந்துச்சு. உன் மாமனார் ரெண்டு தடவை நேரா நின்னுட்டார்... அவனா? உன் புருஷனை மட்டும் விட்டுடுவேனா. டென்ட் அடிக்கிறேன்னு ஆணியைத் தவிர எல்லாத்தையும் அடிச்சானே, அப்பத்தான் சட்டைப் பட்டன் மொத்தமும் தைச்சு முடிச்சேன்...

கேக்குதாடி அவ சிரிக்கிறது? அந்த டென்ட்ல குறட்டை நின்னுடுச்சு. உன் மாமா வெளிய வந்து பாக்குறார். ரெண்டு தலை தரையில கிடந்து சிரிக்குதேன்னு முழிக்கிறார்... அவர் முழிக்கிறது புதுசா என்ன.

என்னது?... என்னைக் கிண்டல் பண்றாடி இப்ப. 'உங்க தையல் நல்லா இருக்கு அத்தை, நோயாளிங்க வாயைத் தைக்க உங்களைக் கூப்பிட்டுக்கிறேன்'ங்குறா. பாத்தியா, எனக்கு மேல இருக்கா...

போர்வையா?... யாருக்குன்னு கேக்குறியா... சும்மாதான்ம்மா, பொழுது... சரி. சும்மா இல்ல. மேல் வீட்டுக் கட்டில் அளவுக்கு... ஆமா, போய் அளந்தேன்... நீங்க வந்தாத்தான்னு எல்லாம் இல்ல. வராட்டியும் உங்களுக்குத்தான். பஸ்ல தூக்கிட்டு வந்து குடுப்பேன். என்ன, ரெண்டு பஸ் மாறணும்...

...

...ஹலோ. இருக்கேன்டி... தெரியல. துணியைத் தடவிப் பாத்துட்டு இருக்கா. நான் ஏன் கேக்கணும், கேக்க மாட்டேன். கேட்டா கட்டாயப்படுத்தின மாதிரி ஆயிடும். எனக்கும் கொஞ்சம் மானம் இருக்கு...

என்னம்மா? இதுவா, என் போனா?... உன் போன் என்னாச்சு... சார்ஜ் இல்லையா. அதுக்கென்ன, சின்னத்தை பேசிட்டு இருக்கா, முடிச்சதும் தர்றேன். யாருக்குப் பேசணும்?...

யாருக்கு?...

தங்கச்சி, போனை வை... ஏன்னு அப்புறம் சொல்றேன். வை... மாடி வீட்டுக்காரருக்குப் பேசணுமாம்டி அவளுக்கு, இப்பவே... நான் எங்க அழறேன், வைடின்னா...