பச்சை மரத்து ரேட்

எனக்கு எதையும் மூன்று முறை அளந்தால்தான் நம்பிக்கை வரும், சார். போத்தனூர் வீட்டு வாசலில் நின்ற வாகையின் சுற்றளவையும் மூன்று முறை அளந்தேன். மூன்று விதமாக வந்தது. மாலை வகுப்பில் எஸ்டிமேட் போடப் படிக்கிறவனுக்கு இது அவமானம். மூன்றையும் நாட்குறிப்பில் எழுதி, நடுவில் இருந்ததை வைத்துக்கொண்டேன்.

மரம் போனால்தான் மாடிப்படிக்கு இடம். மாடி எழும்பினால்தான் கல்யாணப் பேச்சு என்று நந்திதா வீட்டில் சொல்லிவிட்டார்கள். பச்சை மரத்தை வெட்ட அனுமதி வேண்டும். "அடுத்த வாரம் வாங்க தம்பி" என்ற பதிலை எட்டு முறை குறித்திருக்கிறேன். பட்ட மரத்துக்கு உடனே கிடைக்கும் என்றார்கள். ஐப்பசியில் அடிமரத்தில் துளை போட்டு மருந்து ஊற்றினேன். மாசிக்குள் மரம் பட்டுவிட்டது. அனுமதியும் வந்தது.

மரம் வெட்டும் காளிச்சாமிக்கு போன் செய்தேன்.

"பச்சை மரமுங்களா, பட்டதுங்களா?"

"அதுல என்னங்க வித்தியாசம்?"

"பட்டது ஆளைத் தாங்காதுங்க. கிரேன் வெச்சுத்தான் வெட்டோணும். ரேட் ரெண்டு மடங்கு ஆயிப்போகுமுங்க."

என் எஸ்டிமேட்டில் கிரேன் இல்லை. ஐந்து மாதம் அலைந்து, மறுபடியும் கணக்குத் தப்பு. எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பச்சைதான் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் வந்தவர் அண்ணாந்து பார்த்தார். மேலே காய்ந்த நெற்றுகள் மட்டும் கலகலத்தன.

"ஏனுங்க தம்பி, மொட்டையா நிக்குது?"

"மாசியில வாகை மொட்டையாத்தானுங்க நிக்கும்."

அது பொய்யில்லை. ஆனாலும் பட்டையைச் சுரண்டிப் பார்க்க அரிவாளை எடுத்தார். அந்த நேரத்தில் டீயை நீட்டினேன். அரிவாளை இடுப்பில் செருகிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"உங்க பேச்சை நம்பி ஏறுறேனுங்க. கிளை முறிஞ்சா எங்க ஊட்டுக்காரி உங்களைத்தான் கேப்பா" என்று சிரித்தபடி கயிற்றைத் தோளில் போட்டார்.

என் நாட்குறிப்பில் நீங்கள் மடித்து வைத்திருக்கும் பக்கம் அதற்கு முந்தின நாள் எழுதியது. 'முதல் கிளை தாங்கும். இரண்டாவதில் விழுவார்.' என் கையெழுத்துதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் விழுந்தது மூன்றாவது கிளையிலிருந்து. அதையும் வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், சார்.

எனக்கு எஸ்டிமேட் போடவே வராது.