பள்ளத்தைப் பேந்து விதைக்கலாம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் இராசநாயகம் ஐயா அவர்களே, மேடையில் இருக்கும் பெரியவர்களே, முன்வரிசையில் இருக்கும் சாந்தகுமாரி அக்கா, மகள் நிருஜா, பாபகூராவிலிருந்தும் ஒனிஹங்காவிலிருந்தும் லீவு போட்டு வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நான் ஆனந்தவல்லி. பயிர் ஆலோசகர் கதிர்காமநாதன் அவர்களோடு ஒரே அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவள்.

அவர் செய்த வேலை என்ன? கோதுமையை உறைபனியிலிருந்து காப்பாற்றியது. உறைபனியை யாரால் தடுக்க முடியும்? யாராலும் முடியாது! விதைக்கும் நாளைத்தான் மாற்ற முடியும். பூக்கும் வாரத்தில் உறைபனி விழுந்தால் கதிர் பச்சையாகவே நிற்கும், உள்ளே மணி பிடிக்காது. ரொம்ப முந்தி விதைத்தால் பனி ஓயும் முன்பே பயிர் பூத்துவிடும். ரொம்பத் தள்ளிப்போட்டால் மணி முற்றும் முன்பே கோடை வந்து பயிரைக் காயவைத்துவிடும். இரண்டுக்கும் நடுவே நாள் குறித்தவர் கதிர்காமநாதன்! மேட்டுக்கு ஒரு நாள், குளிர் தேங்கும் பள்ளத்துக்கு இன்னொரு நாள். "எங்கட கலியாணத்துக்கே மனுசன் இவ்வளவு நாள் பாக்கேல்லை" என்று அக்காவே சொல்வார்.

நான் சேர்ந்த முதல் வருடம். கதிர்காமநாதன் விமான நிலையத்திலிருந்து போன் செய்தார். "மேட்டை இப்ப விதைக்கச் சொல்லும் பிள்ளை. பள்ளத்தைப் பேந்து விதைக்கலாம்."

யாழ்ப்பாணத்தில் பேந்து என்றால் பிறகு. திருநெல்வேலிக்காரி எனக்கு அது தெரியாது. இரண்டையும் சேர்த்தே விதைக்க வைத்தேன்; 'சேந்து' என்று காதில் விழுந்ததாக அவரிடம் பின்னால் சொன்னேன். அக்டோபரில், அதாவது இந்த நாட்டு வசந்தத்தில், பள்ளம் பூத்தது, உறைபனி விழுந்தது. பள்ளம் முழுவதும் பதர். பண்ணைக்காரர் கொதித்துப்போய் வந்தார். கதிர்காமநாதன் என்னைக் காட்டிக்கொடுத்தாரா? இல்லை! பிழை தன்னுடையது என்றார். இரண்டு வருடம் அந்தப் பண்ணைக்குள் அவரை விடவில்லை. என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "உமக்கு விளங்காத சொல்லைச் சொன்னது நான்தானே."

அவையோரே, உண்மையில் சேந்து என்று எனக்குக் கேட்கவில்லை. பேந்து என்றே தெளிவாகக் கேட்டது. பொருள்தான் தெரியவில்லை. என் விசா அந்த வேலையை நம்பி இருந்தது. கேட்டால் மட்டமாக நினைப்பாரோ என்று, "சரிங்க சார்" என்று போனை வைத்துவிட்டு நானாக ஊகித்தேன். அக்கா, அந்தப் பிழை உங்கள் கணவருடையது அல்ல. என்னுடையது.

போன வாரம் மருத்துவமனைக்கு இதைச் சொல்லத்தான் போனேன். ஆரம்பித்தேன். களைப்பாக இருந்தார். "பேந்து கதைப்பம் பிள்ளை" என்றார். அந்தச் சொல் எனக்கு இப்போது நன்றாகவே தெரியும். தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் நிருஜா கூப்பிட்டாள். என்னால் இன்னும் அதைத் தாங்க முடியவில்லை.

இன்னும் மூன்று வாரத்தில் விதைப்பு. இந்த வருடத் திட்டத்தை அவர் கைப்படவே எழுதி வைத்திருக்கிறார். அதை நான் நடத்தி முடிப்பேன். மேட்டை முதலில் விதைப்போம், பள்ளத்தைப் பேந்து விதைப்போம்!

அந்தத் திட்டத்தில் ஒரு சொல் எனக்கு விளங்கவில்லை. இந்த முறை ஊகிக்க மாட்டேன். சாந்தகுமாரி அக்கா, தாளைக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் உங்களிடம் கேட்கிறேன்.