முகத்துக்குக் குறுக்கே ஒரு பெயர்

ஈப்போவிலிருந்து சுங்காய்க்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தன் தோட்டக் குடியிருப்புச் செய்திகளை வலைப்பதிவில் எழுதுகிறவர் என்பது பிறகுதான் தெரிந்தது. கம்பாரில் ஏறிய ஒரு பெண் அவரைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அண்ணே, நீங்க செத்துட்டீங்கன்னு நேத்து தோட்டமே அழுதுச்சுலா!”

“நானா? யாரு சொன்னா?”

“ஒங்க பிளாக்குதான். மாணிக்கம் அண்ணன் எறந்த செய்தி போட்டீங்கல்ல? படத்துல அவரு மூஞ்சிக்குக் குறுக்க ஒங்க பேருதான் பெருசா இருந்துச்சு.”

“பின்ன? என் பதிவ சுட்டு, என் பேர வெட்டிட்டு வாட்சாப்புல விடுறானுங்களே!”

“கீழ இருந்த எழுத்தையும் காப்பி பண்ண விடாம பூட்டிட்டீங்க. அதான் படத்த மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்புல போட்டேன்.”

“யாராச்சும் எனக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல?”

“செத்தவருக்கு யாருண்ணே போன் பண்ணுவா?”

 அவர் குரலைத் தணித்துக் கேட்டார்.

“கூட்டம் வந்துச்சா?”

“பூட்டுன ஒங்க வீட்டு வாசல்ல ஒரே மாலையா கெடக்கு. அங்க மாணிக்கம் அண்ணன தூக்கத்தான் நாலு பேரு இல்ல.”

அவர் அவசரமாகக் கைப்பேசியை எடுத்துத் தட்டினார். இருக்கை இடுக்கு வழியாக எனக்குத் தெரிந்தது.

“நான் நலமாக இருக்கிறேன். இச்செய்தியை என் அனுமதியின்றிப் பகிரக் கூடாது.”