இரண்டு வண்டியில் எது நல்லது

இரண்டுமே நல்ல வண்டிதான் ஐயா. சிவப்பு வண்டியை நான் குறை சொல்ல மாட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் நூறைத் தாண்டும். எதிரே ஆள் நின்றால் தானாகவே நின்றுவிடும். பழையது அப்படியில்லை. அதன் துணிக்கூரையை மடக்கவே இரண்டு பேர் வேண்டும். ஆனால் கால் சொல்வதைக் கேட்கும், சொல்லாததைச் செய்யாது.

பதினெட்டு வருஷமாக முதலாளி வீட்டில் நான் மெக்கானிக். ஊரைவிட்டு வந்தவன். ஷெட்டுக்கு மேலே ஒரு கட்டில், கீழே இந்தப் பழைய வண்டி. அதன் எஞ்சினை மூன்று தடவை முழுசாகப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். முதலாளி பக்கவாதத்தில் படுத்த பிறகு சாவியெல்லாம் மருமகன் கைக்குப் போனது. சிவப்பு வண்டி அவர் வாங்கியது.

அன்று காலை காப்பிக் கோப்பையோடு ஷெட்டுக்கு வந்தார்.

"அண்ணே, நாளைக்கு ஆளுங்க வர்றாங்க. கிழவியோட எஞ்சினைத் தூக்கிட்டு பேட்டரி மோட்டார் வைக்கப் போறோம்."

"எஞ்சின் நல்லாத்தானே இருக்கு மாப்பிள்ளை சார்."

"எங்க இருக்கு? மாமாவும் அதுவும் போட்டி போட்டுல்ல இருமுதுங்க."

கழற்றிய எஞ்சினை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எடைக்குப் போடலாம் என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. எனக்குக் கோபம் வராது. அந்த வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டாரோ என்னவோ, ஒரு வேடிக்கை காட்டுகிறேன் என்றார். காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, சிவப்பு வண்டியைத் தன்மேல் ஓட்டிவரச் சொன்னார்.

"பிரேக்கைத் தொடாதீங்க. சும்மா வாங்க."

வந்தேன். அவர் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் அதுவே நின்றது. கையிலிருந்த காப்பி சிந்தவில்லை.

"பாத்தீங்களா? உங்க கிழவிக்கு இந்த அறிவு உண்டா?"

"பாத்துடலாம் சார்."

சிவப்பு வண்டியை ஒதுக்கிவிட்டுப் பழையதில் ஏறினேன். அவர் நகரவில்லை.

"மெதுவா வாங்கண்ணே, கிழவிக்கு மூச்சு வாங்கிடப் போகுது."

நான் பிரேக்கைத் தொடுவேன் என்று நம்பினார். தொடவில்லை. அந்தக் காலத்து பம்பர் நல்ல இரும்பு ஐயா. சுவருக்கும் அதற்கும் நடுவில் தொடை எலும்புகள் முறிந்தது எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பானட்டின்மேல் கவிழ்ந்து கிடந்தார். வாயிலிருந்து ரத்தம் வந்தது.

"அண்ணே, பின்னால எடுங்க" என்றார்.

எடுத்தேன்.

பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள், தப்பிக்கலாம் என்கிறார் என் வக்கீல். தயவுசெய்து வாக்குமூலத்தில் அப்படி எழுதிவிடாதீர்கள் ஐயா. முந்தின நாள்தான் அந்தப் பிரேக்கை நான் சரிபார்த்தேன். பின்னால் எடுத்து மிதித்ததும் கோடு போட்ட மாதிரி நின்றது. அவர் கையை ஊன்றி எழப் பார்த்தார். கியரை மாற்றி மறுபடியும் முன்னால் போனேன். அப்போதும் பிரேக் நன்றாகத்தான் இருந்தது. நான் மிதிக்கவில்லை, அவ்வளவுதான்.