பொட்டு வைத்த பேட்டரி

எங்கள் தாலுகா ஆந்திராவுக்கா மெட்ராசுக்கா என்று ரயிலில் பெட்டிக்குப் பெட்டி வாதம் நடந்த காலம். புத்தூரில் ஏறிய மெக்கானிக் மட்டும் பக்கத்திலிருந்தவரிடம் வேறு கவலை சொன்னார்.

"ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சதுதாண்ணா தப்பு."

"எதுக்கு வெச்சே?"

"டிரெய்லர்ல லாரி இழுக்குற வின்ச்சு இருக்குதே, அதோட ரெண்டு பேட்டரிக்கும். பிளஸ், மைனஸ் குறி மேலயே குங்குமத்த அப்பிட்டேன். காளஹஸ்தி ஆத்து மணல்ல ஒரு லாரி மாட்டிக்கினு கெடந்துது. ஒரு பேட்டரி பிளஸ்ஸுல இன்னொண்ணோட மைனஸ் கோக்கணும். நான் குத்துமதிப்பா பிளஸ்ஸுல பிளஸ்ஸையே கோத்துட்டேன். ஊரே பாத்துக்கினு நிக்குது, வின்ச்சு அசையல."

"அப்புறம்?"

"மாடு கட்டி இழுத்தாங்க. லாரியையும், மணல்ல எறங்கிட்ட என் டிரெய்லரையும்."

"மாட்டுக்குப் பொட்டு வெக்கலியா?"

"வெச்சிருந்தாங்கண்ணா. ஆனா மாட்டுல தலை எது, வால் எதுன்னு எனக்குக்கூட தெரியுமே."