அலெக்ஸாண்டர் சொல்லாத ஓம்

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, கடற்றொழிலாளர் சங்கத்துப் பெரியவர்களே, கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் வந்து முன்வரிசைக் கதிரையில் அமர்ந்திருக்கும் கம்பனிப் பிரதிநிதி திரு. றெனால்ட் அவர்களே, தகப்பனை இழந்து நிற்கும் மகள் பிரேமிளாவே, விடத்தல்தீவின் என் சொந்தங்களே! இந்த மண்டபத்தில் வணக்கம் சொல்லவே நாக்குக் கூசுகிறது. இருந்தாலும் சொல்கிறேன், வணக்கம்.

நான் மேரிசெல்வி, இந்த ஊர்க் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவி. எதையும் இலகுவில் நம்பாதவள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீன்கூட வாங்கமாட்டேன் என்று என்னைப் பகிடி பண்ணுவீர்கள். என்னை 'அக்கா, அக்கா' என்று அழைத்த அமரர் அலெக்ஸாண்டர் என்னிலும் பெரிய சந்தேகக்காரர். அதனால்தான் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது.

யார் இந்த அலெக்ஸாண்டர்? சண்டைக் காலத்தில் இந்தக் கரையிலிருந்து படகேறிப் போய், கடல் கடந்த நாடொன்றில் விமானத் தொழிற்சாலையில் சேர்ந்து, விமானக் கதவுகளைப் பரிசோதிக்கும் அதிகாரியாக உயர்ந்தவர்! ஓய்வுபெற்று ஊர் வந்தபின்னும் பரிசோதிப்பதை விடாதவர்! போன திருவிழாவுக்கு வந்த இராட்டினத்தை மறந்துவிட்டீர்களா? பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். இவர் குனிந்து அதன் அச்சைப் பார்க்கிறார். "நட்டு ஒண்டு தேஞ்சு கிடக்கு. மாத்திப்போட்டுச் சுத்துங்கோ" என்று மறித்துவிட்டார். மன்னாருக்கு ஆள் போய்ப் புது நட்டு வரும்வரை ஒருவரையும் ஏறவிடவில்லை. அன்று அவரைத் திட்டாத வாய் இந்த ஊரில் உண்டா? ஃபாதர், கோபிக்க வேண்டாம், நீங்களும் முகம் சுளித்தீர்கள். நட்டைப் பூட்டியதும் முதல் ஆளாக ஏறிச் சுற்றியவரும் அவர்தான். இறங்கி வாந்தி எடுத்தது வேறு கதை.

அப்படிப்பட்டவருக்கு இன்று ஒரு மலர்வளையமும் ஒரு கண்ணாடிச் சட்டமும் வந்திருக்கின்றன. அனுப்பியது அவர் வேலை செய்த அதே கம்பனி. அதன் பெயரை இந்த மண்டபத்தில் சொல்ல எனக்கு மனமில்லை. 'எமது புதிய விமானத்தின் கதவுக்கு ஒப்புதல் தந்த அலெக்ஸாண்டர்' என்று சட்டத்தில் பொன்னெழுத்து மின்னுகிறது. இதே வாசகத்தை அந்தக் கதவிலும் பொறிப்பார்களாம். முதற் பயணத்தில் பிரேமிளாவை ஏற்றிப் படம் பிடிப்பார்களாம். அவள் இன்று சம்மதித்தால் போதுமாம். எவ்வளவு அன்பு! எவ்வளவு பாசம்! மனிதர் உயிரோடு இருந்தபோது பாலன் பிறந்த நத்தாருக்கு ஒரு வாழ்த்துக்கூட அனுப்பாதவர்களுக்கு இந்தப் பாசம் எங்கிருந்து வந்தது? சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

பிழையாக விளங்கிக்கொள்ளாதீர்கள். அலெக்ஸாண்டர் மாரடைப்பால் இறந்தார், நான் பக்கத்தில் இருந்தேன். அவருடைய சாவில் எனக்குச் சந்தேகமில்லை. என் சந்தேகமெல்லாம் இந்தச் சட்டத்தின் மேல்தான்.

ஏன் என்று கேட்கிறீர்களா? அந்த விமானம் சொன்ன காலத்துக்கு வரவில்லை. ஆண்டுக்கணக்கில் பிந்தியது. வாங்க இருந்தவர்கள் கத்தினார்கள், மேலதிகாரிகள் அவசரத்தில் பறந்தார்கள். பதறாத காரியம் சிதறாது என்று அவர்களுக்கு யார் சொல்வது? கதவின் துளையும் கதவு நிலையின் துளையும் நேராக விழவில்லை. இழுத்து முறுக்கிப் பூட்டினார்கள். அலெக்ஸாண்டர் மறுத்தார். "இண்டைக்குப் பூட்டுப்படும் அக்கா. ஆனா நெடுக ஏறி இறங்கிற சாமான். இழுபட்டு இழுபட்டு ஒருநாள் வெடிக்கும்" என்று எனக்கு விளங்கப்படுத்தினார்.

அப்படியானால் ஒப்புதல் எங்கிருந்து வந்தது? அதையும் அவரே சொன்னார். தொலைபேசியில் ஒரு கூட்டம். மேலதிகாரி பேசிக்கொண்டே போகிறார், இவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாங்கள் எல்லோரும் எப்படிக் கேட்போம்? ஒருவர் கதைக்கும்போது 'ஓம்... ஓம்...' என்று சொல்லிக்கொண்டுதானே கேட்போம்! அந்த ஓமுக்குச் சம்மதம் என்றா பொருள்? 'காது திறந்திருக்கிறது, சொல்லுங்கோ' என்றுதானே பொருள்! அதையே இவர் அவர்களுடைய பாஷையில் 'யெஸ், யெஸ்' என்றிருக்கிறார். "பேசி முடிக்கட்டும், பிறகு மாட்டன் எண்டு சொல்லுவம் எண்டு இருந்தனான் அக்கா. அவர் போனை வைச்சிட்டார். அடுத்த நாள் பாத்தா, நான் ஓம் எண்டிட்டனாம்!"

அவர் சும்மா இருக்கவில்லை. அந்நாட்டு விமானப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் முறையிட்டார். கம்பனி அவரைக் கருவி அறைக்கு மாற்றி ஓரங்கட்டியது. ஆனால் விசாரணை இன்னும் முடியவில்லை. இப்போது விளங்குகிறதா, சபையோரே? முறையிட்டவரின் மகளே சிரித்துக்கொண்டு அந்தக் கதவுக்குள்ளால் நுழைந்தால், முறைப்பாட்டை இனி யார் நம்புவார்? செத்தவர் எழும்பி வந்து மறுக்கவா போகிறார்?

காலையில் பிரேமிளா என்னிடம் அழுதாள். "மாமி, அங்க கம்பனியில அப்பாவைப் 'பிளேனைப் பிந்தவைச்ச ஆள்' எண்டுதான் சொல்லுறவை. இப்பவாவது மரியாதையா ஒரு பேர் வருது. வரட்டுமே?" என்றாள். அவள் ஆசையில் பிழையே இல்லை. தகப்பனுக்கு ஒரு நல்ல பெயர் கேட்பது குற்றமா? ஆனால் அந்தப் பெயர் உண்மையாகவும் இருக்க வேண்டாமா? அதனால்தான் சபையில் கேட்கிறேன்.

திரு. றெனால்ட் அவர்களே, நீங்கள் சம்பளத்துக்கு வந்தவர். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரேயொரு கேள்வி. அந்தத் துளைகளைத் திருத்திவிட்டீர்களா?

தலையை ஆட்டுகிறீர்கள். ஓம் என்றும் சொல்கிறீர்கள். ஐயா, இது எந்த ஓம்? திருத்திவிட்டோம் என்ற ஓமா, நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற ஓமா?

ஏன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள்?

சபை சிரிக்க வேண்டாம். இது சிரிக்கும் விஷயமல்ல. அந்தக் கதவுக்குப் பக்கத்து இருக்கையில், நாளைக்கு யாரோ ஒரு தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். அவளுக்கு அலெக்ஸாண்டரையும் தெரியாது, விடத்தல்தீவையும் தெரியாது. அவளுக்காகத்தான் இந்த மனிதர் பதவியை இழந்தார், பழியைச் சுமந்தார்!

பிரேமிளா, இது உன் தகப்பனின் பெயர். முடிவும் உன்னுடையது. என்ன பிள்ளை? பின்னுக்கு இருக்கிறவைக்குக் கேக்கேல்லை, இன்னொருக்கால் சொல்லு.

"முதல்ல கதவைத் திருத்தட்டும்" என்கிறாள். கேட்டீர்களா? இதைவிட அலெக்ஸாண்டருக்கு வேறு அஞ்சலி உண்டா?

அன்பார்ந்தவர்களே, அவருடைய முறைப்பாடு இன்று முதல் எங்கள் சங்கத்தின் முறைப்பாடு. அந்த அதிகாரிகளுக்கு எழுதுவோம். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுவோம். திருத்தியாயிற்று என்றால் எப்படித் திருத்தினார்கள் என்றும் கேட்போம். இது அவருடைய ஆன்மாவின் முன் நாங்கள் தரும் வாக்கு.

றெனால்ட் ஐயா, மலர்வளையம் இருக்கட்டும், பூவில் குற்றமில்லை. மதியச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஆனால் அந்தச் சட்டத்தை மறக்காமல் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போங்கள். கதவைத் திருத்திவிட்டு வாருங்கள். அவருடைய பெயரைத் தருவதற்கு நாங்கள் ஒரு நாளும் பிந்தமாட்டோம்.